கண்ணுக்குத் தெரியாத அரைப்புள்ளி

ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழிக்குப் புதியவர்களைத் திணறடிக்கும் பிழை ஒன்று உண்டு. எழுத்துப்பிழை இருக்காது, அடைப்புக்குறியும் விட்டுப்போயிருக்காது. ஒரு வரி இரண்டு எழுத்திடம் தள்ளி நின்றிருக்கும், அவ்வளவுதான்.

சி மொழியில் வரிகளை உள்தள்ளுவது மனிதக் கண்ணுக்காக. ஹாஸ்கெலில் ஓரமே நிறுத்தக்குறி. 1966-இல் கணினி அறிஞர் பீட்டர் லாண்டின் முன்வைத்த இந்த யோசனைக்குக் கால்பந்தாட்டத்தை நினைவூட்டும் ஆஃப்சைடு விதி என்று பெயர். 'டூ', 'லெட்', 'வேர்', 'ஆஃப்' என்னும் சொற்களை அடுத்து நெளிவு அடைப்புக்குறி இல்லையென்றால், அடுத்த சொல் எத்தனையாவது எழுத்திடத்தில் தொடங்குகிறது என்பதை, நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் குறித்துக்கொள்ளும். பின்வரும் வரி அதே இடத்தில் தொடங்கினால், அதற்கு முன், கட்டளைகளைப் பிரிக்கும் ஓர் அரைப்புள்ளியைத் (;) தானே செருகிவிடும். வலப்பக்கம் தள்ளியிருந்தால் முந்தைய வரியின் தொடர்ச்சி. இடப்பக்கம் வந்துவிட்டால் அந்தக் கட்டளைத் தொகுதி முடிந்தது.

வம்பு இங்கேதான். 'டூ' தொகுதிக்குள் ஐந்தாம் இடத்தில் 'இஃப்' நிபந்தனையை எழுதி, அடுத்த வரியில் 'தென்' என்பதையும் அதே ஐந்தாம் இடத்தில் வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கம்பைலர் படிப்பது "இஃப் நிபந்தனை; தென்" என்று. வாக்கியம் பாதியில் அறுந்துவிடுகிறது. மொழியின் பழைய தரமான ஹாஸ்கெல் 98-இல் இது பிழை. 'தென்', 'எல்ஸ்' இரண்டையும் ஓரிடமாவது வலப்பக்கம் நகர்த்தினால் சரியாகிவிடும். அடுத்த தரமான ஹாஸ்கெல் 2010 அவற்றுக்கு முன் அரைப்புள்ளி வந்தாலும் பாதகமில்லை என்று இலக்கணத்தைத் தளர்த்தியது. அரைப்புள்ளி இன்றும் விழத்தான் செய்கிறது. மொழி அதைப் பொறுத்துக்கொள்கிறது. எனக்கு இது ஒட்டுப்போட்ட வேலையாகவே படுகிறது.

'எல்ஸ்' இல்லாத 'இஃப்' மட்டும் எப்போதும் செல்லாது. இங்கே 'இஃப்' கட்டளையன்று, மதிப்புத் தரும் கோவை (எக்ஸ்பிரஷன்). நிபந்தனை பொய்த்தால் என்ன மதிப்பு என்று சொல்லாமல் விட முடியாது. இரு கிளைகளும் ஒரே வகையாகவும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செயல் வேண்டுமென்றால் 'வென்' என்ற சார்பு (ஃபங்ஷன்) இருக்கிறது.

இன்னொரு குறும்பு: சார்பின் பெயர், 'டூ', முதல் கட்டளை மூன்றையும் ஒரே வரியில் எழுதி, மற்றக் கட்டளைகளை அதற்கு நேர்க்கீழே அடுக்கியிருக்கிறீர்கள். பிறகொரு நாள் பெயரை மட்டும் நீட்டுகிறீர்கள். முதல் கட்டளை வலப்பக்கம் நகர்ந்துவிடும். கீழே உள்ளவை நின்ற இடத்திலேயே நிற்கும். தொகுதி இரண்டாம் வரியிலேயே மூடிக்கொள்ளும். 'டூ' எழுதியதும் புதிய வரிக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லை இல்லை.