ஃபிளாங்க் ஓப்பனிங்: திறப்பும் இல்ல, பக்கவாட்டும் இல்ல

"பக்கவாட்டுத் திறப்பில் தொடங்கிய ஆட்டம் வரையப்பட்டது." செஸ் செய்தின்னு இப்படி ஒரு வரிய இன்னொரு தடவ படிச்சா பைத்தியமே புடிச்சிரும். நட்ட நடு சிப்பாய்ங்கள மொதல்ல தள்ளாம, சி4, எஃப்4 மாதிரி பக்கத்துலேர்ந்து ஆட்டத்த ஆரம்பிக்கற ஃபிளாங்க் ஓப்பனிங்கத்தான் பக்கவாட்டுத் திறப்புன்னு மொழிபெயர்த்திருக்காங்க. வரைஞ்சது யாருங்க, பென்சில்லயா பெயின்ட்லயா? டிரான்னா டிரான்னே எழுதலாம், தமிழ்ல வேணும்னா சமன், ஆளுக்கு அரைப்புள்ளி, அவ்ளோதான்.

ஃபிளாங்க்ங்கறது பழைய பிரெஞ்சு சொல்லு, உடம்போட விலாப்பக்கம், அப்புறம் படையோட பக்கத்துக்கும் ஆச்சு. பிஷப்ப பக்கத்துல கொண்டுபோய் வெக்கற ஃபியான்கெட்டோவும் அதே குடும்பம்தான், இத்தாலியன்ல "சின்னப் பக்கம்".

இப்ப இந்த பக்கவாட்டுக்கு வருவோம். பக்கவாட்டுன்னா அது திசை. யானை பக்கவாட்டுல போகும், சரி. சி வரிசைல நாலாவது கட்டத்துல, அதாவது சி4ன்னு வெக்கற சிப்பாய் நேரா முன்னாடிதானே போகுது? அது கண்ணு வெக்கறதும் டி5 மேல, அதாவது நட்ட நடுவுல. 1924ல நியூயார்க்ல ரேட்டிங்கற ஆட்டக்காரர், எட்டு வருஷமா தோக்காத அப்போதைய உலக சாம்பியன் காபாபிளாங்காவ சாய்ச்சது இந்த வகை ஆட்டத்துலதான், ரெண்டு பிஷப்பையும் விலாப்பக்கமா வெச்சு தூரத்துலேர்ந்தே நடுவ மிரட்டினாரு. 2018 லண்டன் உலக சாம்பியன்ஷிப்ல கார்ல்சனும் கருவானாவும் ஆடின 12 கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டமும் டிரா, அதுல 4வதும் 9வதும் கார்ல்சன் சி4 வெச்சு ஆரம்பிச்சது, அதப் போய் பக்கவாட்டுத் திறப்புன்னு எழுதினா படிக்கறவன் ஏதோ சைடு கதவ தொறந்து விட்டாங்கன்னுல்ல நினைப்பான்!

திறப்பு அதவிட மோசம். செஸ்ல திறந்த ஆட்டம், மூடிய ஆட்டம்னு ஏற்கெனவே இருக்கு, நடுவுல சிப்பாய்ங்க வழிவிட்டு நிக்குதா அடைச்சு நிக்குதாங்கற கணக்கு அது. ஓப்பனிங்கையும் திறப்புன்னுட்டா குளோஸ்டு ஓப்பனிங் "மூடிய திறப்பு" ஆயிரும், சிரிக்கறதா அழறதா? தொடக்கம்னு நல்ல சொல்லு சும்மா கெடக்குது. என் ஓட்டு விலாத் தொடக்கத்துக்கு. சிலபேரு சொல்ற ஓரத் தொடக்கம் தூய தமிழ்தான், ஆனா ஓரம்னா ஏ, எச் வரிசைதான் ஞாபகம் வரும், சி சிப்பாய் எங்க ஓரத்துல இருக்கு?

எல்லாத்துக்கும் காரணம் ஆட்டம் தெரியாம அகராதிய மட்டும் பாத்து மொழிபெயர்க்கறதுதான். எஃப்4 ஆட்டத்துக்கு ஹென்றி பேர்டுன்னு 19ஆம் நூற்றாண்டு ஆட்டக்காரர் பேரு இருக்கு, அவரப் போய் "பறவைத் திறப்பு" ஆக்கி பறக்க விட்டுட்டாங்க.