வன்னியன்: குடும்பப் பெயரா, சிறப்புப் பெயரா?

பண்டாரவன்னியன், கைலை வன்னியன், புவிநல்ல மாப்பாண வன்னியன், தனியுண்ணாப் பூபால வன்னியன். ஈழத் தமிழர் வரலாற்றைப் புரட்டினால் ‘வன்னியன்’ என்று முடிகிற பெயர்கள் இப்படி வரிசையாக வரும். இவர்கள் எல்லாரும் ஒரே குடும்பத்தாரா என்று, யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே கிடக்கிற வன்னி நிலத்தில் படிக்கிற பிள்ளைகளே கேட்கிறார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் வளர்கிற பிள்ளைகள் கேட்பதில் வியப்பே இல்லை. பெயரின் கடைசித் துண்டு ஒன்றாக இருந்தால் அது குடும்பப் பெயர் என்பதுதான் அவர்கள் கண்ட வழக்கம்.

ஒரே குடும்பம் அல்ல. வன்னியன் என்பது ஒரு பொறுப்பின் பெயர். காடும் குளமும் வயலுமாகக் கிடந்த ஒரு பிரிவை ஆண்டு, குடிகளிடம் இறை வாங்கி, மேலே இருந்த அரசுக்குத் திறை கட்டி, தன் கை ஓங்கிய காலத்தில் கட்டாமலும் இருந்த தலைவனை அந்தப் பெயரால் அழைத்தார்கள். அந்தப் பொறுப்புக்கு வன்னிமை என்று பெயர். பழைய நூல்களில் வன்னிபம் என்ற வடிவமும் வரும். வன்னியனின் மனைவி வன்னிச்சி. அந்தப் பொறுப்பைத் தானே ஏற்று நடத்திய பெண்ணும் வன்னிச்சிதான்.

சொல் எங்கிருந்து வந்தது என்பதில் பல கருத்துகள் உண்டு. வடமொழியில் ‘வஹ்நி’ என்றால் தீ. தமிழ் நிகண்டுகளிலும் வன்னி தீயைக் குறிக்கும். தமிழ்நாட்டின் வன்னியர் சமூகம் தன் தோற்றத்தை வேள்வித் தீயோடு இணைத்துச் சொல்வது இந்தப் பொருளை வைத்துத்தான். வன்னி மரம் என்பது இன்னொரு விளக்கம். அந்த மரம் தமிழ் இலக்கியத்துக்கு மிகப் பழையது. பதிற்றுப்பத்திலேயே ‘வன்னி மன்றம்’ வருகிறது. ஆனால் ஈழத்து வன்னிக் காட்டுக்குள் போனால் கண்ணில் படுகிறவை பாலை, வீரை, முதிரை, கருங்காலி. ஒரு நிலத்துக்கு மரத்தின் பெயரை வைத்தவர்கள் அங்கே மலிந்து நிற்கிற மரத்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடிப் போயிருப்பார்களா? எனக்கு அது பொருந்தவில்லை.

‘வனம்’ என்பதிலிருந்து வன்னி வந்தது என்ற விளக்கம்தான் இந்த மண்ணுக்கு ஒத்துவருகிறது. இதற்குச் சிங்கள வழக்கும் துணை நிற்கிறது. குருநாகல் பக்கத்தில் ‘வன்னி ஹத்பத்து’ என்ற பிரிவு இருக்கிறது. இலங்கையின் பழங்குடிகளான வேடர்கள் தங்களை ‘வன்னியல எத்தோ’ என்று சொல்லிக்கொள்கிறார்கள்; காட்டின் மக்கள் என்று அதற்குப் பொருள். 13ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லுமிடத்தில், பாலி மொழி வரலாற்று நூலான சூளவம்சம் வன்னி அரசர்களைக் குறிக்கிறது. ஆக இந்தச் சொல் தமிழ்ப் பக்கம், சிங்களப் பக்கம் இரண்டிலும் காட்டுநிலத்தையும் அதன் தலைவர்களையும் சேர்த்தே சுட்டியிருக்கிறது. தமிழகத்திலும் 12ஆம் நூற்றாண்டளவில் கிளியூர் மலையமான்கள் என்ற குறுநில மன்னர்கள் ‘வன்னியநாயன்’ என்ற பட்டத்தைத் தாங்கியிருந்தார்கள். அங்கிருந்து பட்டம் வந்ததா, இங்கிருந்த நிலப்பெயரோடு கலந்ததா என்பது அறிஞர்களின் வாதம். இரண்டு இடத்திலும் அது ஒரு தலைமையைக் குறித்தது என்பதே நமக்கு வேண்டியது.

சரி, ஒரே பெயரைப் பலர் தாங்கியும் அது குடும்பப் பெயர் ஆகாதா? தமிழுக்கு இது புதிய சங்கதியே அல்ல. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், அரிசில் கிழார் என்று சங்கப் புலவர்கள் பலர் இருக்கிறார்கள். ‘கிழார்’ என்ற ஒரு குடும்பம் இருந்தது என்று யாரும் எண்ணுவதில்லை. கிழான் என்றால் உரியவன். ஊருக்கு உரியவன் ஊர்கிழான். தொல்காப்பியம் பெயர்களை வகைப்படுத்தும்போது நிலப்பெயர், குடிப்பெயர், குழுவின் பெயர், வினைப்பெயர், உடைப்பெயர் என்று அடுக்கிக்கொண்டு போகிறது. உடைப்பெயருக்கு உரைகாரர் தருகிற எடுத்துக்காட்டு அம்பர்கிழான். வன்னியன் என்பதும் இந்த இனத்தில் சேர்வதுதான். நிலம் அவன் பெயரில் இருக்கிறது. அவன் குடும்பம் அதில் இல்லை.

தொல்காப்பியம் இன்னொன்றும் சொல்கிறது. ‘சிறப்பி னாகிய பெயர்நிலைக் கிளவிக்கும் இயற்பெயர்க் கிளவி முற்படக் கிளவார்’ என்பது கிளவியாக்கத்து நூற்பா. அரசன் கொடுத்த சிறப்புப் பெயரும் பெற்றோர் வைத்த இயற்பெயரும் சேர்ந்து வந்தால், சிறப்புப் பெயரைத்தான் முன்னால் சொல்ல வேண்டும். ஏனாதி நல்லுதடன் என்பது உரையில் வருகிற எடுத்துக்காட்டு. ஏனாதி பட்டம், நல்லுதடன் ஆள். பிற்காலத்தில் இந்த முறை மாறி, கருணாகரத் தொண்டைமான் என்பதுபோலப் பட்டம் பின்னால் போய்விட்டது. வன்னியன் என்ற பட்டமும் அப்படிப் பின்னால் நிற்பதால்தான் இன்றைய கண்ணுக்குக் குடும்பப் பெயராகத் தெரிகிறது. இடம் மாறியதால் இனம் மாறிவிடாது.

வன்னி ஒரே அரசாக இருந்ததில்லை என்பதையும் இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். பனங்காமம், கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, முள்ளியவளை, மேல்பற்று, தென்னமரவாடி என்று அது பல பற்றுகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் வன்னியன் இருந்தான். எல்லாவற்றையும் சேர்த்து அடங்காப்பற்று என்றார்கள். அந்தப் பெயரில் எனக்குத் தனிப் பெருமை உண்டு; யாழ்ப்பாணத்தில் ஆட்சி செய்த தமிழரசருக்கும், 1619இல் அதைப் பிடித்த போர்த்துக்கேயருக்கும், 1658இல் வந்த ஒல்லாந்தருக்கும் முழுதாக அடங்காத நிலம் என்பதை ஊரின் பெயராகவே வைத்திருந்தார்கள்.

ஒல்லாந்தர் வன்னியர்களிடம் கேட்ட திறை யானை. காட்டில் பிடித்த யானைகளை ஆண்டுதோறும் ஒப்படைக்க வேண்டும். பனங்காமத்துக் கைலை வன்னியன் யாழ்ப்பாணத்துக்கு நேரில் போய் ஒல்லாந்தத் தளபதிக்கு மரியாதை செலுத்த மறுத்தவர். இது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அப்புறம் வந்த வன்னியர்களின் பெயர்களை, 1697இல் யாழ்ப்பாணத்துத் தளபதியாக இருந்த ஸ்வார்டெக்ரூன் எழுதிவைத்த நினைவுக் குறிப்பில் காணலாம். பனங்காமத்துக்கு டொன் பிலிப் நல்ல மாப்பாணனும் டொன் கஸ்பார் இளங்கநாராயண மாப்பாண வன்னியனும். கரிக்கட்டுமூலைக்கு டொன் டியோகோ புவிநல்ல மாப்பாண வன்னியன்.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னால் நிற்கிற ‘டொன்’ போர்த்துக்கேயர் கொடுத்த பட்டம். பிலிப், கஸ்பார், டியோகோ ஞானஸ்நானப் பெயர்கள். புவிநல்ல, இளங்கநாராயண என்பவை தமிழ்ப் பெயர்கள். கடைசியில் வன்னியன், ஆட்சிப் பட்டம். பெயரின் இரண்டு முனையிலும் பட்டம் உட்கார்ந்திருக்க, நடுவில்தான் ஆள் இருக்கிறார். திரும்பத் திரும்ப வருகிற ‘மாப்பாணன்’ வேறு கதை. குடும்பப் பெயர் என்று சொல்லத்தக்க ஒன்று இந்த வரிசையில் இருக்குமானால் அது மாப்பாணன் என்பதுதான் என்பேன். 1734இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இன்றைய இடத்தில் கட்டிய இரகுநாத மாப்பாண முதலியாரின் வழியினர் இன்றுவரை அந்தப் பெயரோடுதான் கோயிலை நடத்துகிறார்கள். அதிலும் ‘முதலியார்’ பட்டம். தலைமுறை தாண்டி இறங்கி வருவது மாப்பாணர்.

பெண்களின் பெயர் பதிவுகளில் அரிதாகவே வருகிறது. 1782இல் ஒல்லாந்தர் வன்னியைப் படைகொண்டு அடக்கினார்கள். அப்போது அவர்களை மிக உறுதியாக எதிர்த்தவர்களில் ஒருவர் வன்னிச்சி மரியா செம்பாட்டே. அவரைப் பிடித்துக் கொழும்புக் கோட்டையில் சிறைவைத்தார்கள் என்று 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் எழுதியிருக்கிறார்கள். தொல்காப்பியர் சொன்ன வரிசை இவர் பெயரில் தப்பாமல் நிற்பதைப் பாருங்கள்: முதலில் சிறப்புப் பெயர் வன்னிச்சி, பிறகு ஆளின் பெயர்.

பண்டாரவன்னியனுக்கு வருவோம். 1803 ஆகஸ்ட் 25இல் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையைத் தாக்கிப் படையைத் துரத்தியவர் அவர். கோட்டைப் பொறுப்பில் இருந்த கப்டன் ட்ரிபேர்க் அங்கிருந்து தப்பிப் போனான். இரண்டு மாதத்தில், ஆங்கிலேயப் படை மூன்று திசையிலிருந்து வந்தது. அக்டோபர் 31இல் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் அதே ட்ரிபேர்க் அவரைத் தோற்கடித்தான். ஆங்கிலேயர் அங்கே நட்ட கல் அந்த நாளையும் இருவர் பெயரையும் சொன்னது. வென்றவன் நட்ட கல்லாக இருந்தாலும், நமக்கு அது அவரை நினைக்கிற இடம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் வன்னியில் அவரை நினைவுகூர்கிறார்கள். வவுனியா நகரிலும் அவருக்குச் சிலை உண்டு.

அவர் பெயரில் முதல் பாதி ‘பண்டார’. தமிழில் பண்டாரம் என்றால் கருவூலம்; சைவத் துறவியையும் குறிக்கும். ஆனால் இலங்கையில் அது அரச குலத்தாருக்கு உரிய பட்டம். 16ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தை ஆண்ட புவிராஜ பண்டாரத்தின் பெயரில் அது இருக்கிறது. கண்டியில் இளவரசர்களுக்கு வழங்கிய பண்டார என்பதும் இதே சொல்தான். அப்படியானால் பண்டாரவன்னியன் என்பது பட்டத்தின் மேல் பட்டம். குலசேகரம் வைரமுத்து என்பது அவருடைய இயற்பெயர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நாம் நாவால் சொல்லி வருகிற பெயரில் மட்டும் தாய் தகப்பன் வைத்த பெயர் ஓர் எழுத்துக்கூட இல்லை.

வன்னிக்கு வெளியிலும் இந்தப் பட்டம் நீண்டகாலம் நிலைத்திருந்தது. திருகோணமலைக் கோயிலைப் பற்றிய ‘கோணேசர் கல்வெட்டு’ என்ற பழைய நூல், குளக்கோட்டன் என்ற அரசன் மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனை வரவழைத்துத் திருகோணமலைக்கு வன்னியனாக்கினான் என்கிறது. மட்டக்களப்பிலும் வன்னிமைகள் இருந்தன. ஆங்கிலேயர் காலத்தில்கூட, யாழ்ப்பாணத்தில் மணியகாரர் என்ற பிரிவுத் தலைவர் பார்த்த வேலையைக் கிழக்கில் பார்த்தவர் வன்னியனார் எனப்பட்டார். அந்த இடத்துக்குக் காரியாதிகாரிகள் என்ற அரசு அலுவலர்கள் வந்த பிறகுதான் அந்தப் பதவிப் பெயர் ஒழிந்தது. ஒரு சொல் அரசு ஊழியரின் பதவிப் பெயராக அண்மைக்காலம் வரை வழங்கியிருக்கிறது என்பதைவிட, அது குடும்பப் பெயர் அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சிங்களப் பக்கம்தான் அது உண்மையிலேயே குடும்பப் பெயராக மாறியது. 1965 முதல் 1970 வரை நிதியமைச்சராக இருந்த யு. பி. வன்னிநாயக்க, நம் காலத்து அரசியலில் பவித்ரா வன்னியாராச்சி என்று அதைக் காணலாம். வன்னி, நாயக்க, ஆராச்சி எல்லாம் பழைய நிலமும் பதவியும்தான். ஆனால் அங்கே அவை தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிற பெயராகிவிட்டன. தமிழில் அது வேறு வழியில் போய் இயற்பெயருக்குள் புகுந்தது. 1947 முதல் 1959இல் மறையும்வரை கோப்பாய்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கு. வன்னியசிங்கம், தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். வன்னியசிங்கம் என்பது பெற்றோர் அவருக்கு வைத்த பெயர். முன்னால் நிற்கிற ‘கு’ தகப்பனார் குமாரசுவாமி.

இனி, இதற்குத் தமிழில் எந்தச் சொல்லை ஆள்வது? படிவங்களில் வருகிற ‘சர்நேம்’ என்பதற்குக் குடும்பப் பெயர் என்பதே சரி. அது பழகியும் விட்டது. குலப்பெயர் என்று எழுதினால் சாதி என்று படிக்கப்படும், அதை விட்டுவிடலாம். வன்னியன், முதலியார், ஏனாதி போன்றவற்றுக்குக் குடும்பப் பெயர் என்று எழுதக் கூடாது. பட்டப்பெயர் என்று எழுதலாம். ஆனால் நம் பக்கத்தில் ‘பட்டம் தெளிக்கிறது’ என்றால் கேலிப்பெயர் வைப்பது; பிள்ளைகளுக்கு அந்தப் பொருள்தான் முதலில் வரும். தொல்காப்பியரின் சிறப்புப் பெயர் கையிருப்பில் இருக்கும்போது அதையே எடுத்துக்கொள்வது நல்லது.

நூல்களுக்குப் பெயரடைவு செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கைலை வன்னியனைக் ‘க’ வரிசையிலும் பண்டாரவன்னியனைப் ‘ப’ வரிசையிலும் முழுப்பெயராகப் போடுங்கள். ‘வன்னியன், பண்டார’ என்று காற்புள்ளி வைத்துப் பிரித்தால், அவருடைய இயற்பெயர் பண்டார என்று ஆகிவிடுகிறது. அதுவும் ஒரு பட்டம்தான்.