அலர்ஜி மாத்திரை: எது, யாருக்கு?

மூக்கு ஒழுகினாலும், மேலெல்லாம் தடித்தாலும், கண் அரித்தாலும் மலையகத்து மருந்துக்கடைகளில் நாம் கேட்பது ஒன்றுதான்: ‘அலர்ஜி மாத்திரை’. அப்படி ஒரு மருந்து தனியாக இல்லை. வேலை செய்யும் விதத்திலும் பக்க விளைவிலும் வேறுபட்ட பல மருந்துகள் இந்த ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன. யாருக்கு எது பொருந்தும் என்ற கேள்வியும் அதற்குள்ளேயே அமுங்கிப்போகிறது.

‘அலர்ஜி’ 1906இல் பிறந்த சொல். வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே இதை ஆக்கினார். கிரேக்கத்தில் ‘அல்லோஸ்’ என்றால் வேறு, ‘எர்கோன்’ என்றால் செயல். ஒரு பொருளை ஏற்கெனவே சந்தித்த உடம்பு, மறுமுறை அதனிடம் வேறுவிதமாக நடந்துகொள்வதை அவர் இப்படிக் குறித்தார்.

தமிழில் இது ஒவ்வாமை. ஒத்தல், ஒப்பு, ஒக்கும் எல்லாம் இதன் உறவுச் சொற்கள். ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் சிறப்பொவ்வா’ என்ற குறளில் (972) ‘ஒவ்வா’ என்பதற்குச் சமமாகாது என்று பொருள். ஒத்துப்போகாதது என்ற அடிப்படையிலிருந்து உடம்புக்குப் பொருந்தாதது என்ற பொருள் இயல்பாக விரிந்திருக்கிறது. ‘கத்தரிக்காய் எனக்கு ஒத்துக்கொள்ளாது’ என்று லயத்துப் பாட்டி சொல்வதும் இதே வேரிலிருந்துதான். கலைச்சொல்லும் வீட்டுச் சொல்லும் இவ்வளவு நெருங்கி நிற்பது அரிது. இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஒலி ஒற்றுமையால் சிலர் அலர்ஜியை ‘அழற்சி’ என்று எழுதுகிறார்கள். அது பிழை. அழற்சி, அழல் என்னும் நெருப்பிலிருந்து வந்தது. சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பதைக் குறிக்கும். ஒவ்வாமையால் அழற்சி உண்டாகலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

இனி மாத்திரைக்கு வருவோம். தூசோ பூஞ்சையோ பட்டதும் உடம்பின் சில உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியிடுகின்றன. தும்மல், நீர் வடிதல், அரிப்பு, முதியவர்கள் காணாக்கடி என்று சொல்லும் தடிப்பு ஆகியவற்றில் பெரும்பங்கு அதனுடையது. மருந்து ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கிறது. ஒவ்வாமை அப்படியே இருக்கிறது. ஆகவே ‘ஒவ்வாமை நீக்கி’ என்ற பெயர் தவறான நம்பிக்கையைத் தரும். ‘ஹிஸ்டமின் தடுப்பி’ என்பதே சரி.

இவற்றில் பழைய தலைமுறை குளோர்பெனிரமின். பிரிட்டோன் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். இது மூளைக்குள்ளும் நுழைவதால் உறக்கம் வரும், கவனம் குறையும்; மது அருந்தியிருந்தால் இன்னும் மோசம். வழுக்கும் சரிவில் கால் ஊன்றிக் கொழுந்து பறிப்பவருக்கும், தொழிற்சாலையில் இயந்திரத்தருகே நிற்பவருக்கும், வளைவுப் பாதையில் ஓட்டோ ஓட்டுபவருக்கும் இது சின்ன விடயம் இல்லை. சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும், சிலவகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் கூட இது ஏற்றதல்ல. லோரடடின், ஃபெக்சோஃபெனடின் ஆகியவை புதிய தலைமுறை. பெரும்பாலும் உறக்கம் தருவதில்லை. செட்டிரிசினும் அந்த வகைதான் என்றாலும் சிலருக்கு உறக்கம் தருகிறது. ஃபெக்சோஃபெனடினைத் தோடம்பழச் சாற்றோடு விழுங்கக் கூடாது. மருந்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும். தண்ணீரே போதும்.

மூக்கடைப்பு வேறு கதை. ஈரச் சுவர், பழைய கம்பளி, சலிப்பறையில் பறக்கும் தேயிலைத் தூசு என்று காரணம் எப்போதும் பக்கத்திலேயே இருப்பவருக்கு மாத்திரை பாதி வேலையைத்தான் செய்யும். தொடர்ந்து அடைக்கும் மூக்குக்கு மாத்திரையைவிட நன்றாக வேலை செய்வது மூக்கில் விசிறும் ஸ்டீரோய்ட் மருந்து. அதன் முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். ஒரே நாளில் கைவிடுபவர்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். உடனே மூக்கைத் திறக்கும் சைலோமெட்டசோலின் போன்ற சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் நீட்டினால் மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கிவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எதையும் டொக்டரிடம் கேட்டே எடுக்க வேண்டும். குழந்தைக்குப் பெரியவரின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

குளவி கொட்டுவதை ‘அலர்ஜி மாத்திரை’ என்ற பெயருக்குள் சேர்க்கவே வேண்டாம். கொட்டிய பின் மூச்சுத் திணறினால், நாக்கோ தொண்டையோ வீங்கினால், தலை சுற்றி விழுந்தால், அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. மாத்திரை கொடுத்துவிட்டு லயத்தில் காத்திருக்கக் கூடாது. ஆளைப் படுக்கவைத்து, மூச்சுவிடச் சிரமப்பட்டால் சாய்த்து உட்காரவைத்து, நடக்கவிடாமல், கிடைக்கும் வண்டியில் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பல குளவிகள் கொட்டியிருந்தால், ஆள் தெளிவாக இருந்தாலும் கொண்டுபோக வேண்டும். நஞ்சின் பாதிப்பு பிறகும் வெளிப்படலாம்.