ராயல்டி என்றால் உரிமைப்பங்கு

ராயல்டி சம்பளம் அல்ல, சன்மானமும் அல்ல. ஒரு பாட்டு பயன்படும் ஒவ்வொரு முறையும் அதை ஆக்கியவருக்குச் சேரவேண்டிய பங்கு அது. சொந்தமாகப் பாட்டுப் போட்டு இணையத்தில் வெளியிடுகிறவர்கள் நாள்தோறும் புழங்கும் சொல்தான். ஆனால் "ராயல்டி வந்துச்சா?" என்று கேட்பவர் ஒரு பணத்தை நினைத்துக் கேட்க, பதில் சொல்பவர் வேறொரு பணத்தை நினைத்துச் சொல்வது அடிக்கடி நடக்கிறது. அந்தக் குழப்பத்தில் பாதி, சொல்லுக்கு ஏற்ற தமிழ் நிலைபெறாததால் வருவது.

இலத்தீனில் 'ரெக்ஸ்' என்றால் அரசன், 'ரெகாலிஸ்' அரசனுக்குரியது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அது ராயல் என்றும் ராயல்டி என்றும் ஆனது. வடமொழியின் ராஜனும் இந்த ரெக்ஸும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். ராஜன் பிராகிருதத்தில் 'ராய' ஆகி, விஜயநகர மன்னர்களின் பட்டப்பெயராகத் தமிழ்நாடு வரை வந்தது. ஆகவே ராயல்டியும் ராயரும் தூரத்து உறவுக்காரர்கள்.

அரசத் தன்மையைக் குறித்த சொல் பணத்தைக் குறிக்கத் தொடங்கியது சுரங்கத்தில். நிலம் யாருடையதாக இருந்தாலும் அதன் அடியில் கிடைக்கும் பொன்னும் வெள்ளியும் அரசுக்கே சொந்தம் என்று 1568-இல் இங்கிலாந்தில் தீர்ப்பானது. அரசி முதலாம் எலிசபெத்துக்கும் நார்தம்பர்லாந்துப் பிரபுவுக்கும் நடந்த வழக்கு அது. அரசு தானே இறங்கித் தோண்டுவதில்லை. தோண்டும் உரிமையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, எடுப்பதில் பங்கு வாங்கும். பிறகு அரசர் அல்லாத நிலக்காரர் சுரங்கத்திலிருந்து பெற்ற பங்குக்கும் அதே பெயர் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நூலாசிரியரும் இசையமைப்பாளரும் பெறும் பங்கையும் அப்படியே அழைத்தார்கள். பொன்னானாலும் பாட்டானாலும் அமைப்பு ஒன்றுதான்: உடைமை ஒருவருடையது, பயன்படுத்துபவர் வேறொருவர், எவ்வளவு பயன்படுகிறதோ அவ்வளவுக்குப் பணம். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது ராயல்டி ஆகாது.

நம் பழைய மரபில் பாணர் பெற்றது பரிசில். பொன்னால் செய்த தாமரைப்பூவைப் பாணருக்குச் சூட்டிய மன்னர்களைச் சங்கப் பாடல்கள் புகழ்கின்றன. பரிசில் பெரிதாக இருக்கலாம், ஆனால் அது கொடுப்பவரின் மனம். ஒருமுறை கொடுத்தால் முடிந்தது. அந்தப் பாட்டை ஊரெல்லாம் பாடினாலும் பாணருக்கு மறுபடி எதுவும் வராது. ராயல்டியில் இந்த உறவு தலைகீழாகிறது. அரசன் நின்ற இடத்தில் பாட்டுக்காரர் நிற்கிறார். கேட்டுப் பெறும் உரிமை அவருடையது.

அந்த உரிமை தானாக வந்துவிடவில்லை. 1847-இல் பாரிசில் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர், இசை நிகழ்ச்சி நடத்தும் ஓர் உணவகத்தில் தம் குழுவினரின் பாட்டைக் காசு கொடுக்காமல் வாசிப்பதைக் கேட்டார். என் பாட்டுக்கு நீங்கள் கொடுக்காதபோது உங்கள் பானத்துக்கு நான் ஏன் கொடுக்கவேண்டும் என்று பணம் தர மறுத்தார். வழக்கு நீதிமன்றம் போய் அவர் பக்கம் தீர்ப்பானது. அதன் தொடர்ச்சியாக 1851-இல், பாட்டை ஆக்கியவர்களுக்காகப் பணம் வசூலித்துக் கொடுக்கும் சாசெம் என்ற உரிமைச் சங்கம் உருவானது. இன்று பல நாடுகளில் இருக்கும் இசை உரிமைச் சங்கங்கள் அந்த வழியில் வந்தவை.

இனித் தமிழ்ச் சொல். வழக்கில் உள்ளவற்றுள் 'உரிமைத்தொகை' பரவலானது. பிழையில்லை என்றாலும், அரசு நலத்திட்டங்களில் மாதந்தோறும் தரும் நிலையான தொகைக்கும் இப்போது அதே சொல் வழங்குவதால், பயன்பாட்டோடு ஏறி இறங்கும் பணம் என்ற கருத்து அதில் தங்கவில்லை. 'உரிமத்தொகை' வேறு பொருள் தரும். உரிமம் என்றால் லைசென்ஸ். அனுமதிக்காக முன்கூட்டியே கட்டும் கட்டணம் உரிமத்தொகை. 'காப்புரிமைத்தொகை' என்று எழுதுவதை விட்டுவிடலாம்; காப்புரிமை சிலருக்குப் பேடண்ட், சிலருக்குக் காப்பிரைட் என்று ஏற்கெனவே இரண்டுபட்டுக் கிடக்கிறது. 'சன்மானம்' பத்திரிகை உலகில் வேரூன்றிய நல்ல சொல், ஆனால் ஒருமுறையோடு முடிவது. ஒரு பாட்டுக்கு வயலின் வாசித்துத் தருபவருக்குக் கொடுப்பது பெரும்பாலும் சன்மானம்தான்.

பொருளில் மிக நெருங்கிய பழஞ்சொல் 'வாரம்'. விளைச்சலில் நிலத்துக்காரர் பங்கு மேல்வாரம், உழுதவர் பங்கு குடிவாரம். விளைந்தால் உண்டு, விளையாவிட்டால் இல்லை. ராயல்டியின் இயல்பும் இதுதான். ஆனால் வாரம் என்றால் இன்று ஏழு நாள் என்றே காதில் விழும். ஆகவே அந்தச் சொல்லை விட்டு, அதன் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு 'உரிமைப்பங்கு' என்பதே பொருத்தம். உரிமையால் வருவது, பங்காக வருவது: இரண்டும் சொல்லிலேயே இருக்கின்றன.

பங்கு என்று சொன்னதும், எதில் பங்கு என்ற கேள்வி வரவேண்டும். வருவதில்லை என்பதுதான் பணம் தவறிப்போகும் முதல் இடம். ஒரு பாட்டில் இரண்டு உடைமைகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் சேர்ந்தது ஒன்று. அதை இயற்றல் எனலாம். அதைப் பாடி, வாசித்து, பதிவுசெய்த ஒலிக்கோப்பு இன்னொன்று. புழக்கத்தில் மாஸ்டர் என்பார்கள், ஒலிப்பதிவு என்றாலே போதும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு விநியோக நிறுவனம் வழியாகப் பாட்டை அனுப்பினால், அந்த வழியில் திரும்பி வருவது பொதுவாக ஒலிப்பதிவின் பங்கு மட்டும். இயற்றலின் பங்கு உரிமைச் சங்கங்கள், பதிப்பு நிறுவனங்கள் வழியாக வரும். அங்கே பெயரும் பாட்டும் பதிவாகியிருக்க வேண்டும். எழுதி, மெட்டமைத்து, பாடி எல்லாம் ஒருவரே செய்திருந்தாலும் இரண்டு வாசலிலும் பதிய வேண்டும். பதியாதவரின் பணம் சிலகாலம் உரியவர் தெரியாத தொகையாகக் கிடக்கும். பிறகு பல இடங்களில் மற்ற உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிடும்.

இயற்றல் பங்கிலும் இரண்டு ஓடை உண்டு. பொதுவெளியில் ஒலிப்பதற்கானது நிகழ்த்தல் பங்கு. மற்றொன்றின் பெயர் 'மெக்கானிக்கல்'. பலரையும் திகைக்க வைக்கும் பெயர். துளையிட்ட காகிதச் சுருளை ஓடவிட்டால் தானே வாசிக்கும் பியானோக்கள் ஒருகாலத்தில் விற்றன. அந்தச் சுருள் பாட்டின் பிரதி ஆகாது என்று 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுவருடமே, 1909-இல், சட்டம் மாறி, இயந்திரம் வாசிக்கும் ஒவ்வொரு பிரதிக்கும் இயற்றியவருக்கு 2 சென்ட் என்று ஆனது. சுருளுக்குப் பின் இசைத்தட்டு, அதற்குப் பின் இணையவழியே கேட்கும் ஸ்ட்ரீமிங் என்று மாறினாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் இதைப் 'படியெடுப்புப் பங்கு' என்றால் விளங்கும். வேறொருவர் பாட்டை நீங்கள் பாடி வெளியிட்டால் ஒலிப்பதிவு உங்களுடையது, இயற்றல் அவருடையது. படியெடுப்புப் பங்கு அவருக்குப் போகவேண்டும்.

தொகை எப்படி வருகிறது என்பதையும் 'பங்கு' என்ற சொல்லே விளக்கிவிடும். பெரும்பாலான ஸ்ட்ரீமிங் தளங்களில் ஒரு கேட்புக்கு இவ்வளவு என்ற நிலையான விலை கிடையாது. மாதத்தின் வருவாயில் ஒரு தொகை ஒதுக்கி, மொத்தக் கேட்புகளில் உங்கள் பாட்டின் விகிதப்படி பிரிக்கிறார்கள். ஒதுக்கியது 1,00,000 என்றும் மொத்தக் கேட்புகள் 4 கோடி என்றும் கொள்வோம். உங்கள் பாட்டுக்கு 8,000 கேட்பு என்றால் பங்கு 20. அடுத்த மாதம் ஒதுக்கியது அதே அளவாகவே இருந்து மொத்தக் கேட்புகள் 5 கோடியானால், அதே 8,000 கேட்புக்கு 16. கேட்டவர்கள் குறையாமலே பணம் குறைவது இப்படித்தான். இதற்கு மாற்றாக, ஒவ்வொரு ரசிகரின் சந்தாவையும் அவர் கேட்டவர்களுக்கே பிரிக்கும் முறையைச் சவுண்ட்கிளவுட் 2021-இல் கொண்டுவந்தது. சின்னஞ்சிறு ரசிகர் கூட்டம் உள்ளவர்களுக்கு அது நியாயமான ஏற்பாடு. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு கேட்பு. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்பைத் தொடாத பாட்டுக்கு அங்கே ஒலிப்பதிவுப் பங்கே கணக்கில் வராது. எண்ணிக்கை கூட்டித் தருகிறோம் என்று காசு வாங்கும் விளம்பரக்காரர்களை நம்பி இந்த எல்லையைத் தாண்டப் பார்ப்பது ஆபத்து. ஒரே ஊரிலிருந்து திடீரென ஆயிரக்கணக்கில் கேட்பு, ஆனால் பாட்டைச் சேமித்தவர் யாருமில்லை என்று கணக்கு காட்டினால் அது பெரும்பாலும் மனிதர் கேட்காமல் இயந்திரம் ஓட்டிய போலிக் கேட்பு. தளம் அதைக் கழித்துவிடும். பாட்டையே நீக்கவும் கூடும்.

பணம் சரியான ஆளிடம் வந்து சேர ஒலிப்பதிவுக்கு ஓர் அடையாள எண் உண்டு: ஐ.எஸ்.ஆர்.சி. மொத்தம் 12 எழுத்தெண்கள். விநியோக நிறுவனத்தை மாற்றி அதே கோப்பை மறுபடி ஏற்றும்போது பழைய எண்ணையே கொடுக்கவேண்டும். புதிய எண் வாங்கிவிட்டால் அதுவரை சேர்ந்த கேட்புகள் பழைய பதிவோடு நின்றுவிடலாம். மறுகலவை (ரீமிக்ஸ்) செய்தாலோ வேறு குரலில் பாடினாலோ புதிய எண் வேண்டும். இயற்றலுக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்ற தனி எண். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் ஒன்றாக வையுங்கள். 'ழ' வரும் பெயரை ஒரு பாட்டில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் எழுதினால், தளம் இரண்டு கலைஞர்களாக்கிவிடும்.

கூட்டாகச் செய்த பாட்டில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதைப் பாட்டு முடிந்த அன்றே எழுதி எல்லாரும் கையொப்பமிடுவது நல்லது. கூட்டுத்தொகை 100 வரவேண்டும். மூவர் சமமாகப் பிரித்து ஆளுக்கு 33.33 என்று போட்டால் 99.99-தான் வரும், பதிவுப் படிவம் அங்கேயே நின்றுவிடலாம். ஒருவருக்கு 33.34 போட்டால் தீர்ந்தது. தாளத்தடத்தை, அதாவது பீட்டை, விலைக்கு வாங்கிப் பாடுபவர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும். அந்தத் தடம் உங்களுக்கு மட்டும் என்ற தனியுரிமையோடு வாங்கியதல்ல என்றால், பாட்டைத் தானே அடையாளம் கண்டு உரிமை கோரும் யூடியூபின் கன்டென்ட் ஐ.டி.யில் சேர்க்காதீர்கள். அதே தடத்தை வாங்கிய மற்றவர்களின் பாட்டுகள்மீது உங்கள் பெயரில் கோரிக்கை போகும், அவர்கள் கோரிக்கை உங்கள்மீது வரும்.

'ராயல்டி ஃப்ரீ' என்பதை இலவசம் என்று படிப்பதும் இங்கேதான் சிக்கவைக்கும். ஒருமுறை விலை கொடுத்தபின் பயன்படுத்தும்தோறும் பங்கு தரவேண்டியதில்லை என்பதே அதன் பொருள். 'தொடர்பங்கு இல்லாதது' என்றால் குழப்பம் தீரும்.

கடைசியாக ஒப்பந்தம். "கலைஞருக்கு 50 விழுக்காடு ராயல்டி வழங்கப்படும்" என்று ஒற்றை வரி எழுதியிருந்தால், எதில் 50 என்பது அதில் இல்லை. வந்தது 1,000 என்றால் மொத்தத்தில் பாதி 500. நிகரத்தில் பாதி என்றால், விநியோகக் கட்டணம் 150, விளம்பரச் செலவு 400 கழித்து மீதி 450, அதில் பாதி 225. முன்பணம் வாங்கியிருந்தால் அந்த 225-உம் அது அடையும்வரை கைக்கு வராது. ஆகவே வரியை இப்படி மாற்றி எழுதக் கேளுங்கள்: "இப்பாடலின் ஒலிப்பதிவால் வரும் வருவாயில், விநியோகக் கட்டணம் மட்டும் கழித்து, எஞ்சியதில் 50 விழுக்காடு கலைஞரின் உரிமைப்பங்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கறிக்கையுடன் வழங்கப்படும்." அதன் கீழே இன்னொரு வரி: "இயற்றலின் உரிமையும் அதன் பங்கும் முழுவதும் கலைஞருடையவை, இந்த ஒப்பந்தம் அவற்றைத் தொடாது."