போன்லதான் பாத்துக்கிட்டு இருந்தேன் டாக்டர்

போன வாரம் வந்த பையனுக்கு இரண்டு வயது. மூன்று வாரமாக இருமல், இளைப்பு. வேறு இடத்தில் நெபுலைசர் வைத்தும் தீரவில்லை. ஸ்டெதஸ்கோப் வைத்தால் வலது பக்கம் மட்டும் மூச்சு குறைவாகக் கேட்டது. ஒரு பக்கம் மட்டும் என்றாலே எங்களுக்கு மணி அடித்துவிடும். "எதாவது தின்னும்போது புரை ஏறிச்சாம்மா?" என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "டே கேர்ல ஆயாம்மா கடலைமிட்டாய் குடுத்தாங்க, இருமினான், அப்புறம் சரியாயிட்டு. அங்க உள்ள கேமரா வழியா போன்லதான் பாத்துக்கிட்டு இருந்தேன் டாக்டர்" என்றார்.

மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியில் அரைக் கடலை வெளியே வந்தது. பையன் இப்போது நன்றாக இருக்கிறான். எனக்கு இந்த வருஷம் இது மூன்றாவது கடலை, அதனால்தான் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் டே கேர் பார்க்கப் போகிற பெற்றோர் முதலில் கேட்பது கேமரா இருக்கிறதா என்றுதான். இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம் என்றதும் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஏம்மா, ஆபீஸில் வேலை பார்ப்பீர்களா, எட்டு மணி நேரமும் அதையே பார்ப்பீர்களா? கேமரா கூடத்தில் இருக்கும். குளியலறையில் இருக்காது, இருக்கவும் கூடாது; அடுப்படியிலும் பெரும்பாலும் இருக்காது. வாளியில் நாலு விரல் தண்ணீர் போதும், தலைகீழாக விழுந்த குழந்தைக்குத் தானாக எழ முடியாது, அந்த வயதில் தலைதான் கனம். சத்தமும் வராது. அப்படியே கேமரா காட்டினாலும் பார்க்கிற கண்ணுக்கு ஆபத்து எது என்று தெரிய வேண்டுமே! இந்த அம்மா பார்த்தார்தானே, பிள்ளை மிட்டாய் தின்பதைப் பார்த்து சிரித்தாராம். நடந்து முடிந்தபின் யார் மேல் தப்பு என்று சண்டை போடத்தான் அது உதவும், அதற்குள் பழைய பதிவு அழியாமல் இருந்தால்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எனக்கும் பெருமைதான். ஆனால் நாலு வயது தாண்டாத பிள்ளைக்கு முழுக் கடலை வேண்டாம், முழுத் திராட்சையும் வேண்டாம்.

சேர்க்கும் முன்னால் ஆயாவிடமே கேளுங்கள்: "புரை ஏறினா என்ன செய்வீங்க?" உச்சந்தலையில் தட்டி "யாரோ நினைக்காங்க" என்போம் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள், இல்லையென்றால் அவருக்கு முதலுதவிப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். இருமுகிற குழந்தையை இரும விட வேண்டும். இரும முடியாமல் திணறினால் குனிய வைத்து முதுகில் தட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டவே கூடாது.

அப்புறம், சொல்லாமல் கொள்ளாமல் மதியம் இரண்டு மணிக்கு ஒரு நாள் போய் நில்லுங்கள். உள்ளே விட மாட்டோம் என்றால் அந்த இடம் வேண்டாம். தலையை எண்ணுங்கள். மூன்று வயதுக்குக் கீழே 10 பிள்ளைகளுக்கு ஒருவராவது வேண்டும் என்கின்றன குழந்தைகள் காப்பகங்களுக்கான மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்கள். எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்தில் அசையாமல் தூங்கினால் மகிழ வேண்டாம், தூக்கம் வர வைக்கும் சளி சிரப் ஞாபகம்தான் எனக்கு வரும். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்து 4 வயதுக்குக் கீழே கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-லேயே சொல்லியாயிற்று. நீங்கள் எழுதிக் கொடுக்காத எந்த மருந்தையும் அங்கே கொடுக்கக் கூடாது, அதைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். கூட்டிப் போக யார் யார் வரலாம் என்றும் எழுதிக் கொடுங்கள், "மாமா வந்தாரு, குடுத்துட்டோம்" என்ற பேச்சே வரக் கூடாது. பிள்ளை திடீரென்று ஒரு ஆளைக் கண்டு ஒடுங்கினாலோ, காயத்துக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னாலோ தயங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். "பேரு கெட்டுப்போகும்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த ஆயாம்மாவும் அன்றைக்குக் கூடவே வந்திருந்தார். ஓரமாக நின்று அழுதுகொண்டே இருந்தவர், கிளம்பும்போது, "பேரனுக்கும் இதத்தான் குடுப்பேன் டாக்டரம்மா, எனக்கு யாரும் சொல்லல, அப்ப எதத்தான் குடுக்க?" என்றார். இட்லி கொடுங்கள், மசித்த வாழைப்பழம் கொடுங்கள், கடலைதான் வேண்டுமென்றால் மாவாகப் பொடித்துக் கஞ்சியில் போடுங்கள், உட்கார வைத்து ஊட்டுங்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.