ஸ்டாக்: அடுக்கா, அடுக்கமா?

விண்டோஸும் லினக்ஸும் அலுத்துப்போய் ஹைக்கூ மாதிரி எதையாவது (கவிதை இல்லைங்க, பழைய பிஓஎஸ்ஸின் வழிவந்த இயங்குதளம்) நிறுவிப் பார்க்கிறவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி, அதன் நெட்வொர்க் ஸ்டாக் எவ்வளவு வேகம் என்பது. நெட்வொர்க் ஸ்டாக் என்பது தரவை அனுப்பிப் பெறும் வேலையை லேயர் லேயராகப் பிரித்துச் செய்யும் நிரல்களின் மொத்தக் குவியல். சரி, ஸ்டாக் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

பழைய நார்ஸ் மொழியின் ஸ்டக்கர்தான் மூலம். பொருள், வைக்கோல் போர். நம்மிடமே நேர்ச்சொல் இருக்கிறது, ஆனால் 'பிணையப் போர்' (பிணையம் என்றால் நெட்வொர்க்) என்று எழுதினால் யாரோ சண்டைக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். அதனால் அடுக்கு என்கிறோம். வம்பு அங்கேதான். மூன்றடுக்கு மாடியில் அடுக்கு என்பது ஒரு தட்டு, அடுக்குப்பானையில் அதுவே மொத்தக் குவியல். லேயர், ஸ்டாக் இரண்டுக்கும் அடுக்கையே போட்டால் 'டிசிபி அடுக்கு மெதுவாக இருக்கிறது' என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? டிசிபி என்பது தரவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் லேயர்; மெதுவாக இருப்பது அது மட்டுமா, மொத்தக் குவியலுமா?

சோதிக்கிறவருக்கு இது முக்கியம். நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் நிரலை ஓட்டுகிறீர்கள். தரவு 1500 பைட் பொட்டலங்களாகப் போகிறது. ஒரு பொட்டலத்தில் முகவரியைச் சுமக்கும் ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 போகத் தரவுக்கு மிச்சம் 1460, ஆனால் ஈதர்நெட் கம்பியில் அது பிடிக்கிற இடம் இடைவெளியெல்லாம் சேர்த்து 1538 பைட், ஆக கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 949 மெகாபிட்டைத் தாண்ட முடியாது. 940-ஐ ஒட்டி வந்தால் கம்பி நிரம்பிவிட்டது, ஸ்டாக்கைத் திட்டாதீர்கள். ரொம்பக் குறைந்தால் 127.0.0.1-க்கு, அதாவது தனக்குத்தானே, அனுப்பிப் பாருங்கள். அங்கே பறந்தால் நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரலான டிரைவரைச் சந்தேகிக்கலாம். பக்கத்து மெஷினுக்கு ஓடி, தூரத்துச் சர்வருக்கு மட்டும் நொண்டினால் டிசிபி சாளரத்தை, அதாவது பதிலுக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய அளவை, சந்தேகியுங்கள்: அதைப் பெரிதாக்கும் விரிவாக்கம் இல்லாத சாளரத்தில் பதில் வரும்வரை 65,535 பைட்தான் போகும், போய்வர 100 மில்லிநொடி ஆகும் பாதையில் அது நொடிக்கு 5 மெகாபிட் சொச்சம். இது ஒரு லேயரின் குறை. பிஓஎஸ்ஸிலோ மொத்த ஸ்டாக்கும் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வெளியே தனி நிரலாக ஓடியது, எல்லாத் தரவும் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பிறகு போன் (BONE) என்ற பெயரில் அதைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தார்கள்.

நான் லேயருக்கு அடுக்கையும் ஸ்டாக்குக்கு அடுக்கத்தையும் வைத்துக்கொள்கிறேன். அடுக்கம் சங்கப் பாடல்களில் மலைச்சாரலைக் குறிக்கும் சொல், பெரியகுளத்திலிருந்து கொடைக்கானல் ஏறும் ஒரு பாதையில் அந்தப் பெயரிலேயே ஊர் இருக்கிறது. இனி இப்படி எழுதலாம்: சாளரம் சின்னதென்றால் டிசிபி அடுக்கின் கோளாறு, பிஓஎஸ்ஸில் இழுத்ததோ பிணைய அடுக்கமே.