குழந்தை மறைக்கும் கீறல்: மிருகக்காட்சி சாலைக்குப் போய்வந்த பிறகு பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பெங்களூருவில் குழந்தை மருத்துவராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்துவிட்டால் போதும், அல்சூரில் இருக்கும் குடும்பமானாலும் எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் குடும்பமானாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் பன்னேர்கட்டா மிருகக்காட்சி சாலைக்கோ நந்தி மலைக்கோ உரியதாகிவிடுகிறது. குழந்தைகள் விலங்குகளை நேரில் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. என் கவலை வேறு. அந்தப் பயணத்தில் பெற்றோர் அஞ்சுவது புலிக்கும் சிங்கத்துக்கும். ஆனால் என் மேசைக்கு வந்து சேரும் பாதிப்புகள் கூண்டுக்குள் இருக்கும் விலங்குகளால் ஏற்படுபவை அல்ல.

ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது ஏழு. சளியும் இலேசான காய்ச்சலும் என்று அம்மாவும் பாட்டியும் அழைத்து வந்தார்கள். மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்காகச் சட்டையை உயர்த்தியபோது, வலது முழங்கைக்குக் கீழே இணையாக இரண்டு கோடுகள் பொருக்குத் தட்டியிருப்பதைக் கண்டேன். "இது எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தான். "செடி கிழிச்சிடுச்சு" என்றான். ஒரு குழந்தை காயத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் பெற்றோரின் முகத்தைப் பார்த்தால், அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அனுபவம் எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. எடை பார்க்கும் சாக்கில் அவனைத் தனியே அழைத்துச் சென்று மெதுவாகக் கேட்டபோது உண்மை வெளிவந்தது. ஒன்பது நாட்களுக்கு முன் மிருகக்காட்சி சாலைக்குப் போயிருக்கிறார்கள். சிப்ஸ் பாக்கெட்டை வெளியே எடுக்காதே என்று அம்மா இரண்டு முறை எச்சரித்திருக்கிறார். பெரியவர்கள் டிக்கெட் வரிசையில் நின்றிருந்த நேரத்தில் அவன் எடுத்திருக்கிறான். குரங்கு பாய்ந்து பிடுங்கியிருக்கிறது. "சொன்னா அம்மா திட்டுவாங்க, டாக்டர்" என்றான்.

அன்றே வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்கினோம், கீறல் இருந்த இடத்தில் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புச் சக்தி மருந்தையும் போட்டோம். அவன் நலமாக இருக்கிறான். ஆனால் அவனுக்குச் சளி பிடிக்காமல் இருந்திருந்தால் அந்தக் கீறலை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

ரேபிஸ் என்னும் வெறிநோயை நம்மில் பலர் 'நாய்க்கடி நோய்' என்றே அறிந்திருக்கிறோம். நம் நாட்டில் மனிதருக்கு வரும் வெறிநோயில் மிகப் பெரும்பகுதி நாயால் வருவதுதான். அந்த அளவில் அப்பெயர் தவறில்லை. ஆனால் பாலூட்டிகள் எதுவாயினும் இந்தக் கிருமியைச் சுமக்கக்கூடும், குரங்கும் அதற்கு விலக்கல்ல. கிருமி இருப்பது உமிழ்நீரில். பல்லால் கடித்தால்தான் ஆபத்து என்பதில்லை. தன் விரல்களை நக்கிய விலங்கு நகத்தால் கீறினாலும், ஏற்கெனவே தோல் உரிந்த இடத்தில் நக்கினாலும் ஆபத்து உண்டு. அறிகுறிகள் தோன்றப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். சில நாட்களிலேயே வந்துவிடுவதும், ஓராண்டு கடந்த பின் வருவதும் உண்டு. அறிகுறி தோன்றிய பிறகு ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. அறிகுறிக்கு முன்னால், உரிய முறையில் சிகிச்சை அளித்தாலோ ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். இவ்வளவு தெளிவாக இரண்டாகப் பிரிந்து நிற்கும் நோய் வேறொன்றை நான் பார்த்ததில்லை. பயிற்சிக் காலத்தில் வெறிநோய் வந்த குழந்தை ஒன்றைப் பார்த்தேன். தண்ணீர் டம்ளரைக் கண்டதும் அந்தக் குழந்தையின் தொண்டை இறுகியதையும், பக்கத்தில் அமர்ந்திருந்த தந்தை டம்ளரைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டதையும் இன்றும் மறக்க முடியவில்லை.

கீறலோ கடியோ பட்டவுடன் முதல் மருந்து தண்ணீரும் சோப்பும்தான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுமையாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது அழுகிற குழந்தையைப் பிடித்துக்கொண்டு குழாயடியில் நிற்கையில் மிக நீண்ட நேரம். பெரும்பாலோர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டு கழுவுங்கள். பூங்காவிலேயே கழுவுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மணி நேரம் போக்குவரத்து நெரிசலில் காத்திருக்க வேண்டாம். இதற்காகவே ஒரு சிறு சோப்பையும் இரண்டு லிட்டர் கூடுதல் தண்ணீரையும் பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கழுவிய பிறகு பொவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினியைத் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். பாட்டிமார்கள் அன்போடு செய்கிற வைத்தியம் இது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவை காயத்தை உறுத்திப் புண்ணாக்குமே தவிர, கிருமியைக் கொல்லா. கட்டும் போட வேண்டாம்.

பிறகு தாமதிக்காமல் மருத்துவமனை. தசையில் போடும் முறையில், முதல் ஊசி போடும் நாளை 0 என்று கொண்டு, 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் ஐந்து ஊசிகள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 14ஆம் நாள் ஊசி இல்லை. காட்டு விலங்கின் கடியைக் காயம் எவ்வளவு சிறியதாயினும் மூன்றாம் வகையாகவே, அதாவது மிகக் கடுமையான வகையாகவே கொள்ள வேண்டும் என்று நம் நாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வகைக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவை. தடுப்பூசியால் உடல் தானாக எதிர்ப்புச் சக்தியை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் காவல் காப்பதற்காக, ஏற்கெனவே தயாரித்து வைத்த எதிர்ப்புச் சக்தியைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்துகிறோம். எல்லா மருத்துவமனைகளிலும் இது இருப்பில் இருப்பதில்லை. புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 'பத்து நாள் அந்த விலங்கு சாகாமல் இருக்கிறதா என்று பார்ப்போம்' என்னும் கணக்கு வீட்டு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான் பொருந்தும். குரங்குக்கு அது பொருந்தாது. மேலும் எந்தக் குரங்கு கீறியது என்று பூங்காவில் யாரால் அடையாளம் காட்ட முடியும்?

நம்மைச் சுற்றித் திரிகிற குரங்கு, தலைமயிர் நடுவகிடு எடுத்தாற்போல விரிந்திருக்கும் நாட்டுக் குரங்கு. அது தென்னிந்தியாவில் மட்டுமே வாழ்வது. கூண்டில் அடைக்கப்பட்டதல்ல, பன்னேர்கட்டாவின் காட்டிலிருந்து தானாக வந்து போவது. பாக்கெட் சரசரக்கும் ஓசையைக் கேட்டால் உணவு என்று அறிந்துகொள்ளும் அளவுக்கு அதைப் பழக்கியவர்கள் நாம்தான். மிருகக்காட்சி சாலை விலங்குகளைச் சீண்டுவதும், அவற்றுக்கு உணவு கொடுப்பதும், இரைச்சலிட்டுத் தொந்தரவு செய்வதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் வெளியே திரியும் குரங்குக்கு வேர்க்கடலை போடுவதை நம்மவர்கள் புண்ணியமாகவே கருதுகிறார்கள். அந்தப் புண்ணியத்தின் விலையை அடுத்து வரும் யாரோ ஒரு குழந்தையின் கை கொடுக்கிறது. குரங்கு பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்க்காதீர்கள். பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம், அதைக் குரங்கு மிரட்டலாக எடுத்துக்கொள்ளக்கூடும். குட்டியோடு இருக்கும் தாய்க்கு அருகில் படம் எடுக்கக் குழந்தையை நிறுத்துவதை நான் பலமுறை பார்த்துப் பதறியிருக்கிறேன்.

சஃபாரி வண்டியில் கையும் விரலும் ஜன்னலுக்கு உள்ளேயே இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் பன்னேர்கட்டா சஃபாரியில் சிறுத்தை ஒன்று வண்டியின் ஜன்னல் வழியே ஒரு சிறுவனின் கையைக் கீறிய செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள்.

வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுதலாம். 2006இல் பன்னேர்கட்டாவில் திறக்கப்பட்டது. திருச்சிப் பக்கத்து உறவினர்கள் ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் உள்ளதைப் பார்த்திருப்பார்கள். வண்ணத்துப்பூச்சிக்கு வெறிநோயும் இல்லை, அது கடிப்பதும் இல்லை. இறகைப் பிடித்தால் விரலில் ஒட்டும் பொடி உண்மையில் அதன் செதில்கள்; பாதிப்பு நமக்கல்ல, அதற்கு. பூங்காவுக்குப் போய்வந்த ஆர்வத்தில் குழந்தைகள் தெருவோரச் செடிகளில் புழு தேடத் தொடங்கும்போதுதான் எனக்கு வேலை வருகிறது. வெந்தய வரியன் என்னும் அழகான வண்ணத்துப்பூச்சி எருக்கஞ்செடியில் முட்டையிடும். அந்த இலையைக் கிள்ளினால் வடியும் பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கிவிடும். சிலருக்கு வலியே அதிகம் இருக்காது என்பதால் குழந்தை சொல்லவும் செய்யாது. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சியையும் தொட விட வேண்டாம். பட்டுவிட்டால் அந்த இடத்தைத் தேய்க்காமல் ஒட்டும் நாடாவை ஒட்டி எடுத்து மயிர்களை அகற்றிவிட்டுக் கழுவலாம். புழு வளர்வதைப் பார்க்க ஆசைப்படும் குழந்தைக்கு மாடியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியே போதும். வண்ணத்துப்பூச்சிகள் அதைத் தேடிவந்து முட்டையிடும்.

நகரத்தின் புறப்பகுதிகளில் ஆடு, முயல், கோழிக்குஞ்சு, இகுவானா ஆகியவற்றைக் குழந்தைகள் தொட்டு விளையாடும் பண்ணைகள் பெருகிவிட்டன. அங்கே என் அச்சம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றியது. ஊர்வனவும் கோழிக்குஞ்சும் பார்க்க ஆரோக்கியமாக இருந்துகொண்டே வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். ஆடு மாடுகளின் சாணத்தில் உள்ள ஈ. கோலை என்னும் பாக்டீரியா வகைகளில் சில, சிறு குழந்தைகளுக்கு இரத்தப்போக்குடன் வயிற்றுப்போக்கையும், அரிதாகச் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். அழுக்குப் படிந்த கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். ஒரு கையில் ஆட்டுக்கு இலையும் மறு கையில் பிஸ்கட்டுமாக நிற்கும் குழந்தையின் படத்தை எத்தனையோ பெற்றோர் ஆசையாக என்னிடம் காட்டியிருக்கிறார்கள். விடுமுறைக்கு ஷிவமொக்கா, சாகரா, தீர்த்தஹள்ளிப் பக்கம் போகிறவர்கள் குரங்குக் காய்ச்சலையும் அறிந்திருக்க வேண்டும். 1957இல் ஷிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட இந்நோயை மனிதருக்குக் கொண்டுவருவது உண்ணி. குரங்குகள் இறந்து கிடக்கும் பகுதியில் உண்ணிகள் அதிகம் இருக்கும் என்பதால் அங்கே நடக்கவே கூடாது. மழை முடிந்த பின் கோடை வரையிலான மாதங்களில் அங்கு போய்வந்த பிறகு கடும் காய்ச்சல் வந்தால், எந்த ஊருக்குப் போனீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இனி மீண்டும் அந்தச் சிறுவனுக்கு வருகிறேன். அவன் அம்மா அன்று என் அறையில் அழுதார். கவனமில்லாத தாய் அல்ல அவர். இரண்டு முறை எச்சரித்தவர். எச்சரிக்கையைக் குழந்தை மீறிவிட்ட பிறகு அது தன்னிடம் வந்து சொல்வதற்கு ஒரு வழியைத் திறந்து வைக்கவில்லை, அவ்வளவுதான். நான் இப்போது பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பூங்காவுக்குப் புறப்படும் முன், வண்டியில் ஏறியவுடன், "குரங்கோ நாயோ எதுவாவது உன்னைத் தொட்டுட்டா, கடிச்சுட்டா, நீ தப்பு பண்ணியிருந்தாலும் சரி, உடனே வந்து சொல்லு, நாங்க திட்ட மாட்டோம், கை கழுவி ஊசி போட்டுட்டு வந்துடலாம்" என்று குழந்தையிடம் சொல்லுங்கள். சொன்னபின் உண்மையிலேயே திட்டாமல் இருங்கள். குறிப்பாக மூன்று வயது முதல் பத்து வயது வரை உள்ள குழந்தைக்கு ஊசியைவிட அப்பா அம்மாவின் கோபம் பெரிய பயம். அன்றிரவு குளிப்பாட்டும்போது கை, கால், முதுகு, காதுக்குப் பின்புறம் எல்லாவற்றையும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். புதிய கீறல் இருந்தால், "என்ன பண்ணே?" என்று கேட்காமல், "எது கீறிச்சு?" என்று கேளுங்கள்.

நாள் கடந்துவிட்டதே, இனி என்ன பயன் என்று யாரும் விட்டுவிட வேண்டாம். ஒரு மாதம் கழித்துத் தெரியவந்தாலும் இன்று நடந்த கடியாகவே கருதிச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். ஊசிகள் முடிந்ததும் அந்த அட்டையைப் படம் எடுத்து, குழந்தையின் மற்றத் தடுப்பூசிக் குறிப்புகளோடு சேர்த்து வையுங்கள். ஊசிகளை முழுமையாகப் போட்டுக்கொண்டதற்குச் சான்று இருந்தால், பின்னொரு நாள் மீண்டும் கடிபட நேர்ந்தால் 0ஆம் நாளும் 3ஆம் நாளுமாக இரண்டு முறை ஊசி போட்டால் போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. அட்டை தொலைந்துபோன ஒரே காரணத்தால் முழுச் சிகிச்சையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.